ஜெல் போட்டும் முகம் இழுக்குதா? தோலுக்கு ஈரம் ஏற்றுவதும் ஈரத்தைப் பூட்டுவதும்

மாண்டலே_மல்லி

குளிர் காலத்துல எங்க மாண்டலே பார்லருக்கு வர்றவங்க பாதிப் பேர் கேக்குற கேள்வி இது. டப்பாவுல ‘ஹைட்ரேட்டிங்’னு போட்ட தண்ணி மாதிரி ஜெல்லைக் காலையும் ராத்திரியும் போடுறாங்க. அஞ்சு நிமிஷம் முகம் பளபளன்னு இருக்கு. அரை மணி நேரத்துல வாயோரம் இழுக்குது, மூக்குப் பக்கத்துல செதில் எழும்புது. அதே ஜெல் ரங்கூன்ல மழைக்காலத்துல ஜோரா வேலை செய்யுது. இன்னொரு பக்கம், ‘மாய்ஸ்சரைசிங்’னு போட்ட கெட்டி கிரீமை அப்புறவங்களுக்கு நெத்தியில பொடிப் பரு வருது, கன்னம் மட்டும் வறண்டே கிடக்கு.

ரெண்டையும் வறட்சிக்குன்னு சொல்லித்தான் விக்கிறாங்க. எது யாருக்கு, எந்த வரிசையில, எவ்வளவு? விவரம் தெரிஞ்சவங்க அளவோட சொல்லுங்க. ‘நிறைய தண்ணி குடிங்க’ங்கிற பதில் மட்டும் வேண்டாம்.

ரங்கூன்_கம்பவுண்டர்

மல்லிம்மா, தண்ணீரைப் பற்றிச் சொன்னது சரிதான். உடம்பில் நீர் வற்றிக் கிடப்பவருக்கு மட்டும்தான் கூடுதலாகக் குடிப்பது தோலில் தெரியும். சாதாரணமாகக் குடிப்பவர் இன்னும் இரண்டு லிட்டர் குடித்தால் கழிவறைக்குத்தான் நடை கூடும்.

இவை இரண்டு தனித்தனிக் குறைகள். தோலில் தண்ணீர் குறைவது ஒன்று. இருக்கிற தண்ணீரை வெளியே விடாமல் காக்கும் கொழுப்பு குறைவது மற்றொன்று. ஜெல் முதல் குறைக்கு உதவும், இரண்டாவதைத் தொடாது.

தோலின் ஆக மேலே இருப்பது செத்த செல்களின் அடுக்கு. அதற்கு ஸ்ட்ராட்டம் கார்னியம் என்று பெயர். உள்ளங்கை, உள்ளங்கால் தவிர மற்ற இடங்களில் பெரும்பாலும் 10 முதல் 20 மைக்ரான் கனம்தான். அந்தச் செல்களுக்குள் தண்ணீரைப் பிடித்துவைக்கும் சரக்கு இருக்கிறது: அமினோ அமிலங்கள், யூரியா, லாக்டிக் அமிலத்தின் உப்புகள். இவை தண்ணீரில் கரைபவை, ஆகவே நீண்ட நேரம் குளித்தால் கரைந்து போகும். செல்களுக்கு இடையே உள்ள சந்துகளில் கொழுப்பு நிரம்பியிருக்கும். அதில் ஏறத்தாழ பாதி செராமைடு, கால் பங்கு கொலஸ்ட்ரால், மீதியில் பெரும்பகுதி கொழுப்பு அமிலங்கள். சோப்பும் வெந்நீரும் அரிப்பது இதைத்தான்.

செதில் எழும்புவதற்கும் காரணம் உண்டு. பழைய செல்கள் ஒன்றோடொன்று சின்ன முடிச்சுகளால் பிணைந்திருக்கும். அந்த முடிச்சுகளை நொதிகள் அறுத்தால்தான் செல்கள் கண்ணுக்குத் தெரியாமல் ஒவ்வொன்றாக உதிரும். மேலடுக்கில் தண்ணீர் பத்து சதவீதத்துக்குக் கீழே போனால் நொதிகள் மந்தமாகிவிடும். செல்கள் உதிராமல் கொத்துக் கொத்தாகத் தூக்கிக்கொண்டு நிற்கும். ஸ்க்ரப் போட்டு அவற்றைத் தேய்த்து எடுப்பவர்கள் பாதி ஆறிய இடத்தைத்தான் உரிக்கிறார்கள். ஈரம் ஏறினால் செதில் தானாகவே உதிரும்.

இனி ஜெல்லுக்கு வருவோம். அதில் இருப்பவை கிளிசரின், ஹயலுரானிக் அமிலம், சார்பிட்டால் போன்று தண்ணீரை இழுக்கும் சரக்குகள். காற்றில் ஈரப்பதம் சுமார் எழுபது சதவீதத்துக்கு மேல் இருந்தால் காற்றிலிருந்தும் இழுக்கும். அதற்குக் கீழே என்றால் தோலின் அடியிலிருந்துதான் இழுத்து மேலே கொண்டுவரும். மேலே காப்பு இல்லையென்றால் வந்த தண்ணீர் ஆவியாகிவிடும். ரங்கூனில் ஜூலை, ஆகஸ்டில் ஈரப்பதம் 85ஐத் தாண்டும். மாண்டலேயில் மார்ச் மாதப் பிற்பகலில் 40க்குக் கீழே இறங்கும். ஒரே ஜெல் இரண்டு ஊரில் இரண்டு விதமாக நடந்துகொள்வது இதனால்தான். நாள் முழுக்க ஏ.சி. ஓடும் ரங்கூன் அலுவலகமும் இந்த விஷயத்தில் மாண்டலேதான்.

செக்கடி

கம்பவுண்டர் ஐயா சொல்றதெல்லாம் சரி. ஆனா இதுக்கு எதுக்கு ரெண்டு டப்பா? குளிச்சு முடிச்சதும் செக்குல ஆட்டுன நல்லெண்ணெய் ரெண்டு சொட்டு, இல்லாட்டித் தேங்காயெண்ணெய். நம்ம ஆளுங்க தலைமுறை தலைமுறையா இதைத்தானே தேய்க்கிறாங்க? மகுவே பக்கத்து எள்ளுக்கு என்ன குறைச்சல்?

கிரீம்_கரண்டி

செக்கடி அண்ணே, எள்ளுல குறை இல்லை. எண்ணெய்ல தண்ணி இல்லை, அதுதான் சங்கதி. காஞ்ச தோல்ல எண்ணெய் தேய்ச்சா வெறும் பானைக்கு மூடி போட்ட கதை. தொட்டுப் பார்த்தா வழவழன்னு இருக்கும். தூக்கி நின்ன செதில் படிஞ்சு போறதால வர்ற வழவழப்பு அது. உள்ளே வறட்சி அப்படியே இருக்கும். ஈரத் தோல்ல தேய்ச்சா கதை வேற, அப்ப எண்ணெய்க்குப் பூட்ட ஏதோ கிடைக்குது. ‘குளிச்சு முடிச்சதும்’னு நீங்க சொன்ன அந்த ஒரு வார்த்தையிலதான் பாதி வைத்தியம் இருக்கு.

பூட்டுற பலமும் எண்ணெய்க்குக் கம்மி. பெட்ரோலியம் ஜெல்லி, அதான் வாசலின், சரியாப் பூசுனா, தோல் வழியா ஆவியாகிற தண்ணியை 98 சதவீதம் வரைக்கும் தடுக்கும். தாவர எண்ணெய் பெரும்பாலும் இருபது, முப்பது சதவீதத்தோட நின்னுடும்.

எல்லா எண்ணெயும் ஒண்ணு இல்லை. ஒலியிக் அமிலம் தூக்கலா இருக்கிற ஆலிவ் எண்ணெய், சந்துக் கொழுப்போட வரிசையைக் கலைச்சுடும். அதைத் தொடர்ந்து பூசுனா தோலோட காப்பு பலவீனமாகுதுன்னு 2013ல வந்த ஆய்வு காட்டுச்சு. லினோலியிக் அமிலம் தூக்கலா இருக்கிற சூரியகாந்தி எண்ணெய் தோலுக்கு இசைவு. நல்லெண்ணெய்ல ரெண்டும் ஏறக்குறைய பாதிக்குப் பாதி, அதனால நடுத்தரம். தேங்காயெண்ணெய் வறட்சிக்கு மினரல் ஆயிலுக்குச் சமமா வேலை செய்யுதுன்னு 2004ல பிலிப்பீன்ஸ்ல சோதிச்சுப் பார்த்திருக்காங்க. கை, காலுக்குத் தாராளமா ஆகும். முகத்துல பரு வர்றவங்களுக்கு மட்டும் ஆகாது, துளையை அடைக்கும். கடலை எண்ணெயைக் கரப்பான் (எக்ஸிமா) உள்ள குழந்தைக்குத் தேய்க்காம இருக்கிறது நல்லது. வெடிச்ச தோல் வழியா வேர்க்கடலைப் புரதம் போனா ஒவ்வாமை வர வழி உண்டு.

கிரீம் கெட்டியா இருந்தா நல்லா ஈரம் காக்கும்னு ஒரு நம்பிக்கை இருக்கு. அதுவும் கிடையாது. மெழுகும் ஸ்டியரிக் அமிலமும் ஏத்துனா எந்தக் கிரீமும் கெட்டியாயிடும்.

மாண்டலே_மல்லி

அப்ப நெத்தியில எண்ணெய் வழியுறவங்களுக்குக் கன்னம் ஏன் இழுக்குது? அவங்க கிட்டதான் எண்ணெய் இருக்கே.

ரங்கூன்_கம்பவுண்டர்

அந்த எண்ணெய் வேறு. நெற்றியில் வழிவது எண்ணெய்ச் சுரப்பி கக்கும் சீபம். சந்துகளில் இருக்கும் செராமைடு செல்களே உருவாக்கும் கொழுப்பு. சீபம் எவ்வளவு வழிந்தாலும் அந்த இடத்தை நிரப்பாது. ஆகவே எண்ணெய் வழியும் முகமும் தண்ணீர் இல்லாமல் கிடக்கலாம். நம் ஊரில் இந்த வகைதான் அதிகம். எண்ணெய் வழிகிறதே என்று ஒரு நாளைக்கு நாலு தடவை நுரை சோப்பால் கழுவி, இருக்கிற காப்பையும் தொலைத்துவிடுவார்கள். தோலின் பி.எச்., அதாவது அமிலக் கார அளவு (ஏழுக்குக் கீழே அமிலம், மேலே காரம்), 4.5 முதல் 5.5 வரை. சாதாரணக் கட்டிச் சோப்பு 9 முதல் 10 வரை.

எது குறை என்று பார்க்க எளிய வழி இருக்கிறது. மிதமான ஃபேஸ்வாஷால் கழுவி, துண்டால் ஒற்றி, ஒன்றும் பூசாமல் முப்பது நிமிடம் விடுங்கள். ஏ.சி.யும் மின்விசிறியும் நேராக அடிக்கக் கூடாது. பிறகு மெல்லிய டிஷ்யூவை நெற்றி, மூக்கு, கன்னம், தாடை என்று தனித்தனியாக ஒற்றுங்கள்.

எங்கேயும் எண்ணெய்க் கறை இல்லை, முகம் முழுக்க இறுக்கம், தொட்டால் சொரசொரப்பு என்றால் கொழுப்பும் குறைவு, தண்ணீரும் குறைவு. நெற்றியில், மூக்கில் கறை இருக்கிறது, ஆனாலும் கன்னம் இழுக்கிறது என்றால் தண்ணீர்தான் குறைவு. கன்னத்துத் தோலைப் பக்கவாட்டில் மெதுவாகத் தள்ளிப் பாருங்கள். சிகரெட் தாள் சுருங்குவதைப் போல மெல்லிய குறுக்குக் கோடுகள் கூட்டமாகத் தெரியும். பூசியவுடன் மறைந்து, காய்ந்ததும் திரும்ப வரும் கோடு தண்ணீர்க் குறையால் வருவது. எப்போதும் இருக்கும் கோட்டை வயதுக் கணக்கில் எழுதிவிடுங்கள்.

முதல் வகைக்கு ஜெல்லும் கிரீமும் இரண்டும் வேண்டும். இரண்டாம் வகைக்கு முகம் முழுக்க ஜெல், கன்னத்தில் மட்டும் இலேசான லோஷன். உங்கள் வாடிக்கையாளர்களுக்கு நெற்றியில் பரு வந்ததற்குக் காரணம், கன்னத்துக்கு வேண்டியதை நெற்றிக்கும் சேர்த்து அப்பியதுதான்.

கல்லும்_கட்டையும்

கன்னத்துல உரைச்சுப் பூசுற தனாக்காவை யாரும் சொல்லவே இல்லையே? பர்மாவுல தோலைப் பத்திப் பேசிட்டு அதை விட முடியுமா!

கிரீம்_கரண்டி

நீங்களே சொல்லுங்க. ஆனா அது ஈரம் காக்கும்னு மட்டும் சொல்லிடாதீங்க.

கல்லும்_கட்டையும்

சொல்ல மாட்டேன், ஏன்னா அது காக்காது. தனாக்கா எலுமிச்சைக் குடும்பத்து மரம். கட்டையைக் கல்லுல வச்சு, நாலஞ்சு சொட்டுத் தண்ணி விட்டு, வட்டமா உரைச்சா பட்டைதான் கரைஞ்சு வரும். உள் மரத்துல பெருசா ஒண்ணும் இல்லை. கல்லோட விளிம்பைச் சுத்தி இருக்கிற வாய்க்கால்ல வழியுறது மோர் பதத்துல இருக்கணும். அதைக் கன்னத்துல தடவுனதும் ஜில்லுன்னு இருக்குறது தண்ணி ஆவியாகிறதால. பத்து நிமிஷத்துல வெளிர் மஞ்சளா காஞ்சுடும். காஞ்ச பொடி வேர்வையையும் சீபத்தையும் உறிஞ்சிக்கும், கொஞ்சம் துவர்ப்பும் இருக்கிறதால தோல் இறுகும். வேர்த்து வழியுற ஏப்ரல்ல, எண்ணெய் முகத்துக்கு இதைவிடச் சுகமான பூச்சு கிடையாது.

ஆனா டிசம்பர்ல, வறண்ட கன்னத்துல, கழுவுன வெறும் முகத்துல பூசுனா அதே குணம் பகையாயிடும். சிரிச்சதும் வாயோரத்துல பூச்சு விரிசல் விடும் பாருங்க, அந்த விரிசலுக்குக் கீழே தோலும் இழுத்துக்கிட்டு நிக்கும். சாயங்காலம் காஞ்ச பூச்சை நகத்தால சுரண்டுறவங்க செதிலையும் சேர்த்துப் பிய்ச்சிடுறாங்க.

குளிர் காலத்துல வரிசையை மாத்துங்க. ஈர முகத்துல ஜெல், மேல லோஷன், பத்து நிமிஷம் பொறுத்து, அதுக்கு மேல தனாக்கா தண்ணியா, ஒரே பூச்சு. கன்னத்துல வட்டமா வேணும்னா ஒரு தடவைதான் இழுக்கணும், மூணு தடவை தடவிக் கெட்டியாக்கக் கூடாது. எடுக்கும்போது ஈரத்துணியை ஒரு நிமிஷம் வச்சு ஊற விட்டு வழிச்சு எடுங்க. உடனே மறுபடி லோஷன்.

ஷ்வேபோ கட்டையா ஷின்மாதாவ்ங் கட்டையாங்கிற சண்டையை இங்க இழுக்காதீங்க. மணத்துல வித்தியாசம் இருக்கலாம், வறட்சி விஷயத்துல ரெண்டும் ஒண்ணுதான். வெயிலுக்குத் தனாக்கா போதும்னு நம்பி சன்ஸ்க்ரீனை விட்டுடாதீங்க. கடையில ‘தனாக்கா வைட்டனிங்’னு விக்கிற, தயாரிச்சவன் பேரே இல்லாத டப்பா இருக்கே, அதைத் தொடவே வேண்டாம்.

ரங்கூன்_கம்பவுண்டர்

கடைசி வரியை அடிக்கோடிட வேண்டும். பெயர் இல்லாத வெள்ளையாக்கும் கிரீம்களில் பாதரசமோ வீரியமான ஸ்டீராய்டோ கலந்திருக்கலாம். ஸ்டீராய்டு முதலில் வறட்சியையும் சிவப்பையும் அற்புதமாக அடக்கும், அதனால்தான் மக்கள் ஏமாறுகிறார்கள். மாதக்கணக்கில் போட்டால் தோல் மெலிந்து ரத்தக்குழாய் தெரியும். நிறுத்தினால் முகம் எரிந்து சிவக்கும். அப்படிப் போட்டுவந்தவர்களுக்கு இந்த இழையில் சொல்லும் ஜெல், லோஷன் கணக்கு பொருந்தாது. அவர்கள் நேராகத் தோல் மருத்துவரிடம் போக வேண்டும்.

மாண்டலே_மல்லி

சரி ஐயா, இப்ப வரிசையையும் அளவையும் சொல்லுங்க. கைப்பக்குவம், கண்ணளவுன்னு சொல்லி விட்டுடாதீங்க.

ரங்கூன்_கம்பவுண்டர்

மாண்டலேக் குளிருக்கு, இரவு நேரக் கணக்கு:

வெதுவெதுப்பான தண்ணீரில் முகம் கழுவுங்கள். கையில் சூடு உறைத்தால் அது முகத்துக்கு அதிகம். துண்டால் ஒற்றுங்கள், தேய்க்காதீர்கள். முகம் பிசுபிசுவென்று ஈரமாக இருக்கட்டும், சொட்டக் கூடாது. ஒரு நிமிடத்துக்குள் பட்டாணி அளவு ஜெல்லை நெற்றி, கன்னம், தாடை என்று பரப்புங்கள். அது காயும்வரை காத்திருப்பதுதான் பலரும் செய்யும் பிழை. காய்வது என்றால் தண்ணீர் போவது என்றுதானே பொருள்? ஒட்டும் பதத்தில் இருக்கும்போதே மேலே கிரீம் போட வேண்டும். கழுவி முடித்து மூன்று நிமிடத்துக்குள் எல்லாம் முடிந்துவிட வேண்டும். கடைசியாக மூக்கோரம், வாயோரம், உதடு இவற்றில் மட்டும் அரிசி அளவு பெட்ரோலியம் ஜெல்லி. முகம் முழுக்க வேண்டாம்.

கிரீம் அளவுக்கு விரல் கணக்கு இருக்கிறது. ட்யூபிலிருந்து ஆள்காட்டி விரலின் நுனியிலிருந்து முதல் மடிப்பு வரை பிதுக்கினால் அரை கிராம். பெரியவர்களின், விரல்களோடு சேர்த்த இரண்டு உள்ளங்கை அகலத்துக்கு அது போதும். முகமும் கழுத்தும் சேர்ந்து இரண்டரை விரல். தோள் முதல் மணிக்கட்டு வரை மூன்று, கைத்தலத்துக்கு ஒன்று. ஒரு காலுக்கு ஆறு, பாதத்துக்கு இரண்டு. மார்பும் வயிறும் ஏழு, முதுகும் பின்புறமும் ஏழு. ஆக இரண்டு கை, இரண்டு கால் சேர்த்து உடம்பு முழுக்க ஏறத்தாழ நாற்பது விரல், அதாவது 20 கிராம். தினம் ஒரு வேளை போட்டால் 200 கிராம் பாட்டில் பத்து நாளில் தீர வேண்டும். அது இரண்டு மாதம் வருகிறது என்றால் கிரீமைக் குறை சொல்வதில் நியாயம் இல்லை.

காலையில் ஜெல்லும் லோஷனும் போட்டபின் சன்ஸ்க்ரீன். கழுவத் தண்ணீர் மட்டும் போதும், ஃபேஸ்வாஷ் இரவில் ஒரு தடவை. மாண்டலேயிலும் மற்ற வறண்ட பகுதிகளிலும் ஆழ்குழாய்த் தண்ணீர் பெரும்பாலும் கடினத் தண்ணீர். சோப்பு அதில் நுரைக்காமல் வெள்ளைப் படிவமாகி முகத்தில் ஒட்டிக்கொண்டு எரிச்சல் தரும். அங்கே சோப்புக் கட்டியை விட்டுச் சோப்பில்லாத கிளென்சருக்கு மாறுவதே பாதி நிவாரணம்.

மாண்டலே_மல்லி

ஹயலுரானிக் சீரம் தன் எடையைப் போல ஆயிரம் மடங்கு தண்ணி பிடிக்கும்னு தாய்லாந்து சரக்குல எல்லாம் போட்டிருக்கே?

கிரீம்_கரண்டி

விளம்பரக் கணக்கு. சீரம்ல அது பெரும்பாலும் ஒரு சதவீதத்துக்கும் கம்மியாத்தான் இருக்கும். பெரிய மூலக்கூறு தோலுக்குள்ள இறங்காது, மேலேயே மெல்லிய படலமா நிக்கும். அது தப்பில்லை, அந்தப் படலமே சுகமா இருக்கும். ஆனா காசுக்கு ஏத்த வேலைன்னு பார்த்தா கிளிசரினை அடிக்க ஆள் இல்லை. அஞ்சு முதல் பத்து சதவீதம் இருந்தா போதும். இருபதைத் தாண்டுனா பிசுக்கு ஒட்டும், தூசி பிடிக்கும்.

டப்பா வாங்கும்போது முன்பக்கத்தைப் படிக்காதீங்க, திருப்பிப் பின்பக்கத்தைப் பாருங்க. அதிகமா இருக்கிற சரக்கு முதல்ல, கம்மியா இருக்கிறது பின்னால, அப்படித்தான் வரிசை. ஒரு சதவீதத்துக்குக் கீழே இருக்கிறதை மட்டும் எப்படி வேணும்னாலும் மாத்திப் போடலாம். பீனாக்சிஎத்தனால்னு ஒரு பதப்பான் இருக்கும். அதோட உச்ச அளவு பல நாடுகள்ல ஒரு சதவீதம். அந்தப் பேருக்குப் பின்னால ஹயலுரானிக், செராமைடு, கற்றாழைன்னு எது வந்தாலும் அது பெரும்பாலும் ஒரு சதவீதத்தைத் தாண்டாது. செராமைடு கொஞ்சமா இருந்தாலும் வேலை செய்யும். கற்றாழை அந்த இடத்துல இருந்தா டப்பா மேல போடுற படத்துக்குத்தான்.

தண்ணிக்கு அடுத்து கிளிசரின், கீழே எண்ணெயே இல்லைன்னா அது ஈரம் ஏத்துற சரக்கு. முதல் அஞ்சுக்குள்ள பெட்ரோலேட்டம் (பெட்ரோலியம் ஜெல்லிதான்), மினரல் ஆயில், ஷியா வெண்ணெய், டைமெத்திகோன்ங்கிற சிலிக்கோன் இதுல ஒண்ணு இருந்தா பூட்டுற சரக்கு. நல்ல லோஷன்ல ரெண்டும் சேர்ந்தே இருக்கும். மாண்டலேயில தனி ஜெல் வாங்கக் காசில்லாதவங்க ஈரத் தோல்ல இப்படி ஒரு லோஷன் மட்டும் போட்டாலே போதும். ரெண்டு டப்பா கட்டாயம்னு யாரும் பயமுறுத்தக் கூடாது.

வீட்டுலயே ஜெல்லுக்குப் பதில் செஞ்சுக்கணும்னா மருந்துக்கடை கிளிசரின் 8 மி.லி., கொதிக்க வச்சு மூடி ஆற வச்ச தண்ணி 92 மி.லி. வெந்நீர்ல அலசிக் காய வச்ச கண்ணாடி பாட்டில்ல கலக்கி, ஃபிரிட்ஜ்ல வச்சு, அஞ்சு நாள்ல கொட்டிடணும். பதப்பான் இல்லாத தண்ணிச் சரக்குல கிருமி வளரும், வளர்ந்தது கண்ணுக்கும் தெரியாது. கரண்ட் போய் ஃபிரிட்ஜ் நாள் பூரா நின்னுச்சுன்னா அன்னைக்கே கொட்டுங்க. தண்ணி கலக்காத கிளிசரினை நேரா முகத்துல பூசாதீங்க. அது அடியிலிருந்து தண்ணியை உறிஞ்சி, எரிச்சலும் கொடுக்கும்.

மோல்மீன்_மழை

எங்கள் பக்கம் பேச்சே தலைகீழ். ஆண்டுக்கு 4,500 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்யும் ஊரில் மூடும் சரக்கை அப்பினால் நடப்பது இதுதான்: மூன்றாம் நாள் முதுகில் வேர்க்குரு, பத்தாம் நாள் மார்பில் தேமல். தேமலை உண்டாக்கும் மலசீசியா என்ற பூஞ்சை தோலில் எப்போதும் இருப்பதுதான். அது கொழுப்பு அமிலங்களைத் தின்று வளரும். சூடும் ஈரமும் எண்ணெயும் ஒன்றாகச் சேர்ந்தால் அதற்கு விருந்து. ஜூன் முதல் செப்டம்பர் வரை இங்கே முகத்துக்குக் கிளிசரின் ஜெல் மட்டும் போதும், உடம்புக்கு வறண்ட முழங்காலிலும் முழங்கையிலும் மட்டும் லோஷன். பூட்டு வேண்டும் என்றால் டைமெத்திகோன் கலந்த இலேசான லோஷன் போடுங்கள். அது மெல்லிய படலமாக நிற்கும், பிசுக்கு இல்லை, பூஞ்சைக்குத் தீனியும் இல்லை.

தேமல் ஏற்கெனவே இருந்தால் தேங்காயெண்ணெயை அந்த இடத்தில் நிறுத்துங்கள். வெளுத்த திட்டை வறட்சி என்று நினைத்து எண்ணெய் தேய்ப்பவர்கள் அதிகம்.

செக்கடி

இதை ஒத்துக்குறேன். மழையில எண்ணெய் ஆகாது. ஆனா குதிகால் வெடிப்புக்கு என்ன சொல்றீங்க? அதுக்கு எந்த ஜெல்லும் நிக்காதே?

ரங்கூன்_கம்பவுண்டர்

நிற்காது, உண்மைதான். குதிகாலில் எண்ணெய்ச் சுரப்பியே கிடையாது, மேலடுக்கும் முகத்தைவிடப் பல மடங்கு தடிப்பு. பின்பக்கம் திறந்த செருப்பு போடும் நாட்டில் காற்றும் தூசியும் நேராகப் படும். உடம்பின் பாரம் அமுக்கும்போது காய்ந்த தடிப்பு வளையாமல் வெடிக்கிறது.

இங்கே வேண்டியது யூரியா. பத்து சதவீதம் வரை அது தண்ணீரை இழுக்கும். இருபதைத் தாண்டினால் தடித்த தோலை இளக்கவும் செய்யும். குதிகாலுக்கு 20 முதல் 25 சதவீதக் கிரீம். வெதுவெதுப்பான தண்ணீரில் பத்து நிமிடம் பாதத்தை வையுங்கள். துடைத்து, ஈரத் தடிப்பை நுரைக்கல்லால் ஒரே திசையில் இலேசாகத் தேயுங்கள். பிளேடால் சீவ வேண்டாம். யூரியா கிரீம், மேலே பெட்ரோலியம் ஜெல்லி, பருத்திச் சாக்ஸ் போட்டுத் தூங்குங்கள். இரண்டு வாரம் விடாமல் செய்தால் தெரியும். ரத்தம் கசியும் வெடிப்பில் யூரியா சுரீரென்று எரியும். அது ஆறும்வரை அந்த இடத்தில் ஜெல்லி மட்டும். சர்க்கரை நோயாளிகள் ஊற வைப்பதும் தேய்ப்பதும் கூடாது. உணர்ச்சி குறைந்த காலில் சூடு தெரியாது, காயமும் தெரியாது. விரல் இடுக்கில் கிரீம் வேண்டாம், சேற்றுப்புண் வரும்.

வாசலின் என்பது பெட்ரோலியக் கசடுதானே, தோலுக்கு விஷம் இல்லையா என்று சிலர் கேட்பதுண்டு. அமெரிக்க எண்ணெய்க் கிணறுகளின் இயந்திரத்தில் படிந்த மெழுகைச் சுத்திகரித்துத்தான் செஸ்பரோ என்ற வேதியியலாளர் அதைச் செய்தார், 1872இல் காப்புரிமை வாங்கினார். ஏனாஞ்சாவ்ங் எண்ணெய் வயல் தெரிந்தவர்களுக்குக் கச்சா எண்ணெயில் மெழுகு படிவது புதிதல்ல. மருந்துத் தரத்துக்குச் சுத்திகரித்தது தோலுக்குப் பாதுகாப்பானது, அதில் ஒவ்வாமை மிக அரிது. நிறம் வெள்ளையா மஞ்சளா என்பதை விட, தரம் எழுதிய டப்பாவா, மூட்டையிலிருந்து அள்ளிக் கொடுத்ததா என்று பாருங்கள்.

மாண்டலே_மல்லி

கடைசியா ரெண்டு கேள்வி. பார்லர்ல ஆவி கொடுத்து, மாஸ்க் போட்டு எடுத்த பிறகு, வீட்டுக்குப் போறதுக்குள்ள முகம் வறண்டு போச்சுன்னு சொல்றாங்க. ஏன்? அப்புறம், கரப்பான் இருக்கிற கைக்குழந்தைக்கு என்ன பூசலாம்?

கிரீம்_கரண்டி

ஆவிக்கு நான் சொல்றேன். ஆவியில தோல் தண்ணியை வாங்கி ஊதும், அதே நேரம் காப்பு தளரும். களிமண் மாஸ்க் காயக் காய அந்தத் தண்ணியையும் எண்ணெயையும் உறிஞ்சும். அதைக் கழுவி, டோனர் மட்டும் தடவி அனுப்புனா வறட்சி வந்தே தீரும். ஆவி அஞ்சு நிமிஷத்துக்கு மேல வேண்டாம். களிமண்ணை முழுசாக் காய விடாதீங்க, ஓரம் வெளுக்க ஆரம்பிச்சதும் ஈர ஸ்பாஞ்சால எடுங்க. துடைச்ச கையோட ஜெல், அடுத்த நிமிஷம் லோஷன். வாடிக்கையாளர் நாற்காலியை விட்டு எழுந்திருக்கிறதுக்கு முன்னாடியே முடிச்சுடுங்க. டோனர்ல ஆல்கஹால் முதல் மூணுக்குள்ள இருந்தா குளிர் காலத்துல அலமாரியிலேயே இருக்கட்டும்.

ரங்கூன்_கம்பவுண்டர்

குழந்தைக்கு வாசனை இல்லாத, யூரியா இல்லாத கெட்டிக் கிரீமோ களிம்போ. குளியல் ஐந்து முதல் பத்து நிமிடம், சோப்பு அழுக்குப் பட்ட இடத்தில் மட்டும். ஒற்றி எடுத்த ஈரத்தோடு முடி வளரும் திசையில் தடவுங்கள். எதிர்த் திசையில் தேய்த்தால் மயிர்க்காலில் கொப்புளம் வரும். ஒரு நாளைக்கு இரண்டு மூன்று தடவை, வாரத்துக்கு 250 கிராம் வரை செலவாகலாம். டப்பாவில் விரல் விடாமல் சுத்தமான கரண்டியால் எடுங்கள். நீர் கசிந்து மஞ்சள் பொருக்கு கட்டினால் கிருமி புகுந்துவிட்டது. அன்றே டாக்டரிடம் காட்டுங்கள், களிம்பு மட்டும் பூசிக்கொண்டு நாள் கடத்த வேண்டாம்.

கரண்ட் போகும் வீடுகளுக்கு இன்னொன்று. களிம்போ கிரீமோ ஊறிய துணி, போர்வை, கட்டு, சாக்ஸ் எல்லாம் தீப்பட்டால் சாதாரணத் துணியை விட வேகமாகப் பற்றும். துவைத்தாலும் அந்தப் பசை முழுதாகப் போகாது. குழந்தையையோ, காலுக்கு ஜெல்லி பூசிய பெரியவரையோ மெழுகுவர்த்திக்கும் கரி அடுப்புக்கும் பக்கத்தில் படுக்க வைக்காதீர்கள். சார்ஜ் விளக்கு வைத்துக்கொள்ளுங்கள்.